நாற்பது பேர் போன அணியை எப்படி நிரப்புவது?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு தலைமைக் கோச்சுக்கு ஆண்டின் மிகக் கடினமான வாரங்கள் சீசன் முடிந்த பிறகுதான் தொடங்குகின்றன. டிசம்பர் முதல் வாரத்தில் ஆரம்பித்து ஜனவரி நடுவில் முடியும் அந்த ஆறேழு வாரங்களில் அடுத்த ஆண்டு அணி யார் யார் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடும்.

ஒரு நடுத்தர அணியை வைத்துக்கொள்வோம். பல கல்லூரிகள் சேர்ந்த பெரிய கான்ஃபரன்ஸ் ஒன்றில் ஆடுகிறது. ஆறு வெற்றி, ஆறு தோல்வி. 105 பேரில் 20 பேருக்குக் கல்லூரியில் ஆடும் காலம் முடிந்துவிட்டது. இரண்டு பேர் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் வீரர் தேர்வுக்குப் போகிறார்கள். இன்னும் 20 பேர் வேறு கல்லூரிக்கு மாறும் யோசனையில் இருக்கிறார்கள். அவர்களும் போனால் ஆக 42 இடங்கள் காலி. இது நான் போட்ட கற்பனைக் கணக்குதான். ஆனால் இன்றைய நிலவரத்தில் யாரும் இதைக் கேட்டு அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

இந்த இடங்களை நிரப்பக் கோச்சுக்கு மூன்று வழிகள் உண்டு. உயர்நிலைப் பள்ளி முடிக்கும் பையன்களை எடுத்து வளர்க்கலாம். வேறு கல்லூரிகளிலிருந்து மாற விரும்புகிறவர்களை டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பெயர்ப் பட்டியல் வழியாக எடுக்கலாம். அல்லது பணத்தையும் நேரத்தையும் முதலில் அந்த 20 பேர் மேல் போட்டு, போக நினைப்பவர்களில் சிலரையாவது நிறுத்தி, காலி இடத்தையே குறைக்கலாம். மூன்றையும் எல்லா அணிகளும் கொஞ்சம் கொஞ்சம் செய்கின்றன. எதை முதலில் செய்வது, எதில் அதிகம் போடுவது என்பதில்தான் அணிக்கு அணி வித்தியாசம். என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே ஃபுட்பால் என்பது நாம் சொல்லும் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, பக்கத்துக்கு 11 பேராக மோதிக்கொண்டு கஜம் கஜமாக முன்னேறும் ஆட்டம். ஒரு கல்லூரி வீரருக்கு ஐந்து ஆண்டுக் கெடு. அதற்குள் நான்கு சீசன் ஆடலாம்.

சரி, முதலில் பழைய கணக்கைப் பார்ப்போம். அது புரிந்தால்தான் இப்போது என்ன மாறியிருக்கிறது என்று தெரியும். 2024 சீசன் வரை ஓர் அணி 85 பேருக்குத்தான் ஸ்காலர்ஷிப் தர முடியும். ஆண்டுக்குப் புதிதாக 25 பேரை எடுக்கலாம் என்பது நெடுநாள் விதி. ஆண்டுக்கு 25 என்றால் நான்கு ஆண்டில் 100. ஐந்தாம் ஆண்டும் தங்குகிறவர்களைச் சேர்த்தால் அதற்கும் மேல். 85 நாற்காலிக்கு 100 பேரை அழைத்தால் 15 பேராவது நடுவில் எழுந்து போயாக வேண்டும். ஆட்கள் கழன்று போவது அன்றைக்கும் இருந்தது. அதை நம்பித்தான் கணக்கே போடப்பட்டது.

அன்று எழுப்பி அனுப்பியது பெரும்பாலும் கோச். 2009இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கோச் ஹூஸ்டன் நட் ஒரே ஆண்டில் 37 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அதைப் பார்த்து, அந்தக் கல்லூரி இருக்கும் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸ் 28 என்று வரம்பு போட்டது. 2011இல் அதை 25 ஆகக் குறைத்தது. இப்படி அளவுக்கு மேல் கையெழுத்து வாங்கிய அணிகளில் இடம் போதாதபோது சில பையன்களிடம் அரை ஆண்டு கழித்து வந்து சேரச் சொன்னார்கள். சிலரைக் காயத்தைக் காட்டி மருத்துவ ஸ்காலர்ஷிப்புக்கு மாற்றினார்கள். தானாக விலகிப் போகும் பையனோ, புதுக் கல்லூரியில் ஒரு முழு சீசன் ஆடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கோச் வேறு வேலைக்குப் போனால் அவருக்கு அப்படி எந்தத் தடையும் இல்லை. அந்த அநியாயம் நீண்ட காலம் இருந்தது. அதை மறந்துவிட்டு இன்றைய பையன்களுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிறகு ஒவ்வொன்றாக மாறியது. 2018 அக்டோபரில் போர்ட்டல் வந்தது. கோச்சின் அனுமதி இல்லாமலே ஒரு வீரர் தன் பெயரை அதில் பதியலாம், மற்ற கல்லூரிகள் அவரிடம் பேசலாம். 2021இல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டியதில்லை என்றானது. அதே ஆண்டு ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம், அதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். 2024இல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்று, கல்லூரி விளையாட்டுக்கு விதி போடும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. இறங்கி வந்தது. 2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். அதன்படி கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம்; முதலாண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். 85 ஸ்காலர்ஷிப் வரம்பு போய், ஃபுட்பால் அணியில் மொத்தமே 105 பேர் என்ற வரம்பு வந்தது.

இப்போது எழுந்து போவதை முடிவு செய்கிறவர் பெரும்பாலும் வீரர்.

முதல் வழி, பள்ளிப் பையன்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி அளவில் ஃபுட்பால் ஆடுகிறவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் சிறந்தவர்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் ஒரு தொழிலே இருக்கிறது. பட் எலியட் என்ற எழுத்தாளர் பல ஆண்டுகளாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார்: கடைசி நான்கு ஆண்டுகளில் ஓர் அணி எடுத்த பள்ளிப் பையன்களில் பாதிக்கு மேல் நான்கு அல்லது ஐந்து நட்சத்திரக்காரர்களாக இருந்தால்தான் தேசியப் பட்டத்துக்கு வாய்ப்பு. நெடுங்காலம் அது தவறவே இல்லை. கோச் கர்பி ஸ்மார்ட்டின் ஜார்ஜியா 2021, 2022 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றது முக்கியமாக இந்த வழியில்தான். 2022 என்.எஃப்.எல். தேர்வில் ஜார்ஜியாவிலிருந்து 15 பேர் போனார்கள். அத்தனை பேர் போயும் அடுத்த சீசன் பட்டம் கை மாறவில்லை என்றால், கீழே எவ்வளவு ஆள் காத்திருந்திருக்க வேண்டும் என்று பாருங்கள்.

கிளெம்சனின் கோச் டாபோ ஸ்வினி இன்னும் பிடிவாதமானவர். 2016, 2018 பட்டங்களைத் தான் வளர்த்த பையன்களை வைத்து வென்றவர். போர்ட்டல் வந்த பிறகும் அவர் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். 2024 சீசனுக்கு ஒருவரைக்கூட அங்கிருந்து எடுக்கவில்லை. அந்த ஆண்டு கிளெம்சன் தன் கான்ஃபரன்ஸான ஏ.சி.சி.யின் பட்டம் வென்று, தேசியப் பட்டத்துக்கான நாக்-அவுட் சுற்றான பிளேஆஃப் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 2025இல் நாட்டின் முதல் ஐந்து அணிகளுக்குள் வைத்து எதிர்பார்க்கப்பட்ட அதே அணி 7–6 (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) என்று முடித்தது. ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஓட்டை விழுந்தால், அதை அடைக்க வேண்டிய பையன் இன்னும் 18 வயதில் இருப்பான். அவன் தயாராக இரண்டு ஆண்டு ஆகும்.

நடுத்தர அணிக்கு இந்த வழியில் இரண்டு சிக்கல். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: நீங்கள் இரண்டு ஆண்டு சோறு போட்டு, எடை தூக்க வைத்து வளர்த்த மூன்று நட்சத்திரப் பையன் மூன்றாம் ஆண்டு நன்றாக ஆடத் தொடங்கியதும் பெரிய கல்லூரி வந்து கூப்பிடும். இரண்டாவது சிக்கலைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. அது நாள்காட்டி. பள்ளிப் பையன்கள் கையெழுத்திடுவது டிசம்பர் முதல் வாரத்தில். போர்ட்டல் திறப்பது, 2026இல் வந்த மாற்றத்தின்படி, ஜனவரி 2 முதல் 16 வரை. அதாவது யார் போகப்போகிறார்கள் என்று தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே எத்தனை பையன்கள் வேண்டும் என்று முடிவு செய்தாக வேண்டும். முன்பு ஏப்ரலிலும் போர்ட்டல் திறந்தது; அந்தச் சாளரம் எடுக்கப்பட்டுவிட்டதால், வசந்தகாலப் பயிற்சியில் ஓர் ஓட்டை தெரிந்தால் அதை அடைக்க மறு வாய்ப்பும் கிடையாது.

இரண்டாவது வழி, போர்ட்டல். இதில் அவசரக்காரர்களுக்கு எடுத்துக்காட்டு கொலராடோ. 2022இல் 1–11 என்று முடித்த அணி. டியான் சாண்டர்ஸ் கோச்சாக வந்த முதல் கூட்டத்திலேயே அங்கிருந்த பையன்களிடம், நீங்கள் போர்ட்டலுக்குப் போகலாம், நான் என் ஆட்களோடு வருகிறேன் என்ற பொருளில் நேராகவே சொன்னார். அந்தக் காணொளி வெளியானது. அறையில் உட்கார்ந்திருந்த பையன்களின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பெரும்பாலோர் போனார்கள். 50க்கும் மேற்பட்ட டிரான்ஸ்ஃபர்கள் வந்தார்கள். 2023இல் முதல் மூன்று ஆட்டங்களை வென்றபோது நாடே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடிவு 4–8.

ஏன்? பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஷெடூர் சாண்டர்ஸ் அந்த சீசனில் 52 முறை பந்தை எறியும் முன்பே தரையில் வீழ்த்தப்பட்டார். அவரைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர் கொண்ட அஃபென்ஸிவ் லைன் பல ஊர்களிலிருந்து அள்ளிச் சேர்க்கப்பட்டது. அந்த ஐந்து பேரின் வேலை தனி ஆள் திறமையால் மட்டும் நடப்பதில்லை. பக்கத்தில் நிற்பவன் எந்தப் பக்கம் காலை வைப்பான் என்று பார்க்காமலே தெரிந்திருக்க வேண்டும். அது ஒன்றாகத் தின்று, ஒன்றாகப் பயிற்சி செய்து, இரண்டு மூன்று ஆண்டில் வருவது. அடுத்த ஆண்டு கொலராடோ 9–4 ஆனதற்கும், டிராவிஸ் ஹன்டர் ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கியதற்கும் பல காரணங்கள். அதில் ஒன்று, பள்ளியிலிருந்து நேராக வந்த ஜோர்டன் சீட்டன் முதல் நாளிலிருந்தே லைனின் ஓரமான இடது டாக்கிள் இடத்தில் நின்றது. 2025இல் ஷெடூரும் ஹன்டரும் போன பிறகு மறுபடி 3–9.

கொலராடோவை விட எனக்குப் பாடமாகத் தோன்றுவது ஃப்ளோரிடா ஸ்டேட். அதன் கோச் மைக் நார்வெல் போர்ட்டலை மிக நேர்த்தியாகப் பயன்படுத்தினார். ஆல்பனி என்ற சிறிய அணியிலிருந்து ஜாரெட் வெர்ஸ், மிச்சிகன் ஸ்டேட்டிலிருந்து கியான் கோல்மன், வெஸ்டர்ன் மிச்சிகனிலிருந்து பிரேடன் ஃபிஸ்க், ஓரிகனிலிருந்து டிரே பென்சன். 2023இல் ஒரு தோல்வியும் இல்லாமல் 13–0. குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் காலை முறித்துக்கொண்டதால் பிளேஆஃப் குழு அவர்களை வெளியே விட்டது. அந்த ஏமாற்றத்தில் பலர் சீசன் இறுதியில் நடக்கும் ஆரஞ்ச் பௌல் ஆட்டத்தில் ஆடவே இல்லை, ஜார்ஜியாவிடம் 63–3 புள்ளிகளில் தோல்வி. அடுத்த தேர்வில் பத்துப் பேர் என்.எஃப்.எல்.லுக்குப் போனார்கள். 2024இல் மறுபடி போர்ட்டலுக்குப் போய்ப் புது ஆட்களை எடுத்தார்கள், மூன்றாவது கல்லூரிக்கு வந்த டி.ஜே. உயங்கலலேயைக் குவார்ட்டர்பேக்காக நிறுத்தினார்கள். முடிவு 2–10.

13–0இலிருந்து 2–10க்கு ஒரே ஆண்டு. நார்வெல் திடீரென்று மோசமான கோச் ஆகிவிடவில்லை. ஓர் ஆண்டு மிச்சம் இருக்கும் ஆட்களை வாங்கினால் ஓர் ஆண்டு அணிதான் கிடைக்கும். அவர்கள் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் அவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரண்டாம் ஆண்டுப் பையன் ஆடாமல் பக்கத்தில் நின்றான். ஆடாதவன் வளரவில்லை, அல்லது சலித்துப் போய்விட்டான். பிறகு ஒட்டுமொத்தமாக எல்லோரும் போகும்போது கீழே யாருமே இல்லை.

ஆனாலும் ஓர் இடத்துக்குப் போர்ட்டலை விடச் சிறந்த வழி இல்லை: குவார்ட்டர்பேக். 2017 முதல் 2025 வரை ஹைஸ்மன் விருது வாங்கிய குவார்ட்டர்பேக்குகளை எண்ணிப் பாருங்கள். பேக்கர் மேஃபீல்ட், கைலர் மரே, ஜோ பர்ரோ, பிரைஸ் யங், கேலப் வில்லியம்ஸ், ஜேடன் டேனியல்ஸ், ஃபெர்னான்டோ மென்டோசா என்று ஏழு பேர். இவர்களில் முதலில் சேர்ந்த கல்லூரியிலேயே இருந்து விருது வாங்கியவர் பிரைஸ் யங் ஒருவர்தான். காரணம் எளிது. களத்தில் ஒரு நேரத்தில் ஒரு குவார்ட்டர்பேக்குக்குத்தான் இடம். ஒரே அணியில் நான்கு திறமையான பையன்கள் இருந்தால் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவன் வேறு ஊரில் ராஜாவாக இருக்கலாம். பள்ளியில் 17 வயதில் எறிந்ததை வைத்து ஒரு குவார்ட்டர்பேக்கைக் கணிப்பது மிகக் கடினம். கல்லூரியில் 20 ஆட்டம் ஆடியவனைக் கணிப்பது அவ்வளவு கடினம் இல்லை. மென்டோசாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளாத பையன், முதலில் யேலுக்குப் போவதாக இருந்து பிறகு கலிஃபோர்னியா போனவர். இண்டியானாவுக்கு மாறிய பிறகுதான் விருது வாங்கினார்.

மூன்றாவது வழி, இருப்பவர்களை நிறுத்துவது. இதைப் பற்றிப் பேச்சு குறைவு. ஒரு பையன் போகாமல் இருந்தால் அது செய்தி ஆவதில்லை. ஆனால் 2023 பட்டத்தை மிச்சிகன் எப்படி வென்றது என்று பாருங்கள். 2022 சீசன் முடிந்ததும் ஓடுபவர் பிளேக் கோரம், லைன்மன்கள் ஸாக் ஜின்ட்டர், டிரெவர் கீகன், பந்து பிடிப்பவர் கார்னீலியஸ் ஜான்சன் எல்லோருக்கும் என்.எஃப்.எல். கதவு திறந்திருந்தது. மிச்சிகனின் ஆதரவாளர்கள் சேர்ந்து, இன்னும் ஓர் ஆண்டு இருங்கள் என்று சொல்லவே ஒரு நிதியைத் தொடங்கினார்கள். அவர்கள் இருந்தார்கள். கோரம் அந்த சீசனில் பந்தோடு ஓடி எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து 27 டச்டவுன் அடித்தார். அணி 15–0. இறுதி ஆட்டத்தில் தோற்ற வாஷிங்டனின் குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் இண்டியானாவிலிருந்து மாறி வந்தவர் என்பது இதோடு சேர்த்து யோசிக்க வேண்டியது. இரண்டு வழிகளும் இறுதி வரை வந்தன.

அடுத்த ஆண்டு ஓஹையோ ஸ்டேட் இதையே இன்னும் பெரிய அளவில் செய்து பட்டம் வென்றது. எமேகா எக்புகா, ஜாக் சாயர், ஜே.டி. டுயிமலோவாவ், டிரெவியன் ஹென்டர்சன், டென்சல் பர்க் என்று என்.எஃப்.எல்.லுக்குப் போயிருக்கக்கூடிய ஒரு கூட்டமே திரும்பி வந்தது. அதன் மேல் போர்ட்டலில் இருந்து சில குறிப்பிட்ட ஆட்கள்: குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட், ஓடுபவர் குவின்ஷான் ஜட்கின்ஸ், பின்வரிசைத் தடுப்பாளர் கேலப் டவுன்ஸ், லைனின் நடுவில் நிற்கும் சென்டர் செத் மெக்லாஃப்லின். அந்த அணிக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆனது என்று கல்லூரியின் விளையாட்டு இயக்குநரே சொன்னார். செலவு பெரிதுதான். ஆனால் அதில் ஒரு நல்ல பங்கு, தங்கள் சமையலறை, தங்கள் மருத்துவர், தங்கள் ஆட்டப் புத்தகம் எல்லாம் தெரிந்த ஆட்களுக்குப் போனது. வெளியிலிருந்து வரும் ஒருவரை வாங்கும்போது அவர் முழங்கால் எப்படி, தோற்ற பிறகு திங்கட்கிழமை எப்படி நடந்துகொள்வார் என்பதெல்லாம் காணொளியில் தெரியாது. தன் ஆளைப் பற்றி இதெல்லாம் கோச்சுக்குத் தெரியும்.

பணம் இல்லாத அணிக்கும் இது நடந்திருக்கிறது. பாய்சி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜீன்டி பெரிய கல்லூரிகளுக்குப் போயிருந்தால் இன்னும் நிறையச் சம்பாதித்திருப்பார். அவர் ஐடஹோவிலேயே இருந்தார். 2024இல் 2,601 கஜம் ஓடினார். 1988இல் பாரி சாண்டர்ஸ் வைத்த சாதனைக்கு 27 கஜம்தான் குறைவு. பாய்சி பிளேஆஃப் போனது. ஜீன்டி முதல் சுற்றில் ஆறாவதாகத் தேர்வானார். தங்கியதால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்று ஒரு கோச் அடுத்த பையனிடம் சொல்ல இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இப்போது என் வாதத்துக்கு எதிராக எல்லோரும் சொல்லும் இண்டியானா. நேர்மையாக அதைப் பார்க்காமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 2023இல் 3–9. அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வரலாற்றிலேயே மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணிகளில் ஒன்று. கர்ட் சிக்னெட்டி கோச்சாக வந்தார். 2024இல் 11–2, பிளேஆஃப். 2025இல் 16–0, தேசியப் பட்டம். போர்ட்டல்தான் இதைச் செய்தது என்பது பொதுவான பேச்சு. எலியட்டின் பாதிக்குப் பாதி நட்சத்திரக் கணக்கையும் இது உடைத்துவிட்டது.

ஆனால் யாரை எடுத்தார் என்று பாருங்கள். தான் முன்பு கோச்சாக இருந்த ஜேம்ஸ் மேடிசன் கல்லூரியிலிருந்து 13 பேரைக் கூட்டி வந்தார். எய்டன் ஃபிஷர், மிக்கேல் கமாரா, டியாஞ்சலோ பாண்ட்ஸ், எலைஜா சாரட் எல்லாம் அந்தக் கூட்டம். இவர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே எல்லாம் தெரியும். தன் ஆட்களைத் தன்னோடு தக்கவைத்துக்கொண்டார் என்றே இதைச் சொல்லலாம், ஊர்தான் மாறியது. அதைவிட முக்கியம், இந்த நான்கு பேரும் 2024 முடிந்ததும் விலகிவிடவில்லை. 2025இலும் இருந்தார்கள். பழைய கோச் காலத்தில் சேர்ந்த ஓமார் கூப்பர், இடது டாக்கிள் கார்ட்டர் ஸ்மித் போன்றவர்களையும் சிக்னெட்டி விடவில்லை. அந்த அடித்தளத்தின் மேல்தான் மென்டோசா வந்து நின்றார். வருங்காலத்தில் என்ன ஆவான் என்பதை விட இதுவரை களத்தில் என்ன செய்தான் என்பதே தனக்கு முக்கியம் என்று சிக்னெட்டி திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த அளவுகோலில் பார்த்தால் முதல் இடம் பெறுகிறவன், நம்மிடமே ஆடி முடித்த நம் பையன்.

சின்ன அணிகள் விஷயம் வேறு. வாஷிங்டன் ஸ்டேட்டை நினைத்தால் மனசு கஷ்டப்படுகிறது. கேம் வார்ட் என்ற பையனைப் பள்ளியில் பெரிய கல்லூரி எதுவும் கூப்பிடவில்லை. இன்கார்னேட் வர்ட் என்ற சிறிய கல்லூரியில் தொடங்கி, வாஷிங்டன் ஸ்டேட்டுக்கு வந்து இரண்டு ஆண்டு ஆடி, பிறகு மயாமிக்குப் போய், 2025 என்.எஃப்.எல். தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவர் போன பிறகு அவருக்குப் பின்னால் வளர்ந்த ஜான் மட்டீர் 2024இல் அருமையாக ஆடினார். அவரை ஓக்லஹோமா கொண்டு போனது. அதே டிசம்பரில் கோச்சும் வேறு வேலைக்குப் போனார். அவருக்குப் பின் வந்தவர் தன் பழைய சவுத் டகோட்டா ஸ்டேட் பையன்களைக் கூட்டி வந்தார். இப்படிப்பட்ட அணிக்கு, யாரையும் போகவிடாதே என்று அறிவுரை சொல்வது பயனற்றது. அவர்களுக்கு ஏற்றது கீழ்நிலைப் பிரிவிலிருந்தும், இரண்டாண்டுக் கல்லூரியான ஜூனியர் காலேஜிலிருந்தும் ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் ஒரு நல்ல கண். டியேகோ பாவியா ஜூனியர் காலேஜில் தொடங்கி, நியூ மெக்சிகோ ஸ்டேட் வழியாக வாண்டர்பில்ட் போய் 2024இல் அலபாமாவையே வீழ்த்தியவர். அப்படி இன்னும் பலர் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறார்கள்.

105 வரம்பால் பாதிக்கப்பட்ட இன்னொரு கூட்டம், ஸ்காலர்ஷிப் இல்லாமல் தானாக வந்து சேரும் வாக்-ஆன் பையன்கள். முன்பு பெரிய அணிகளில் 120 பேருக்கு மேல் இருப்பார்கள். இப்போது இடம் சுருங்கிவிட்டது. ஜார்ஜியாவுக்கு இரண்டு பட்டம் வாங்கிக் கொடுத்த ஸ்டெட்சன் பென்னட் வாக்-ஆனாக வந்தவர். நடுவில் ஒரு ஜூனியர் காலேஜுக்குப் போய்த் திரும்பியவர். கோச்கள் இந்த வழியை முழுதாக மூடிவிடக் கூடாது என்று விரும்புகிறேன்.

சரி, நம் நடுத்தர அணிக்கு வருவோம். 42 காலி இடங்கள். நான் அந்தக் கோச்சாக இருந்தால், போக நினைக்கும் 20 பேரில் எட்டுப் பேரை எப்படியாவது நிறுத்தப் பார்ப்பேன். அதில் முதல் பெயர்கள் இரண்டாம், மூன்றாம் ஆண்டு லைன்மன்கள், தாக்குதல், தடுப்பு இரு பக்கமும். பிறகு இன்னும் இரண்டு சீசன் மிச்சமிருக்கும் கார்னர்பேக்குகள், அதாவது எதிரணியில் பந்து பிடிப்பவர்களைத் தடுப்பவர்கள். பந்து பிடிப்பவர்களில் ஒருவர் போனால் பொறுத்துக்கொள்வேன். அந்த இடத்துக்குப் போர்ட்டலில் எப்போதும் ஆள் கிடைக்கும். அப்புறம் காலி இடம் 34. அதில் 20 பள்ளிப் பையன்கள், அவர்களில் ஒன்பது பத்துப் பேர் லைன்மன்கள். டிசம்பரில் கையெழுத்திடும்போது ஜனவரியில் யார் போவார்கள் என்று தெரியாது என்பதால் இந்த 20ஐ மாற்ற மாட்டேன். மீதி 14 போர்ட்டல். ஒரு குவார்ட்டர்பேக் அதில் நிச்சயம். மற்ற 13 பேரில் பாதிப் பேருக்காவது இரண்டு சீசன் மிச்சம் இருக்க வேண்டும். எல்லோரும் எங்காவது ஒரு முழு சீசன் முதல் வரிசையில் ஆடியிருக்க வேண்டும். ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு நடந்தது எனக்கு நடக்காமலிருக்க இந்த இரண்டு நிபந்தனைகளும் வேண்டும்.

கோச் புதிதாக வந்தவர் என்றால் இந்த எண்கள் மாறும். கோச் மாறும் அணியில் வீரர்களுக்குத் தனியாக ஒரு சாளரம் திறக்கும், அதில் இன்னும் பலர் போவார்கள். அப்போது தன் பழைய அணியிலிருந்து பத்துப் பதினைந்து பேரை அழைத்து வருவது தப்பில்லை. ஆனால் பழைய கோச்சின் பையன்களில் யார் நல்லவன் என்று பார்க்க அவர் ஒரு வாரமாவது உட்கார்ந்து காணொளி பார்க்க வேண்டும். ஓமார் கூப்பரும் கார்ட்டர் ஸ்மித்தும் அப்படித்தான் இண்டியானாவில் மிஞ்சினார்கள்.

நிறுத்த வேண்டிய அந்த எட்டுப் பேரோடு பேசும் வேலையைப் பணம் கையாளும் பொது மேலாளரிடம் விடக் கூடாது. கோச்சே ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டாரையும் உட்கார வைத்து, அடுத்த ஆண்டு எங்கே ஆடுவான், எவ்வளவு ஆடுவான், எவ்வளவு கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். அது கடைசி ஆட்டம் முடிந்த வாரத்திலேயே நடக்க வேண்டும். ஜனவரி 2 காலையில் தொடங்கினால் மற்ற அணிகளின் விலை ஏற்கெனவே அந்தப் பையனின் காதுக்கு வந்திருக்கும்.